பதினேழு அடி தள்ளிய வெள்ளை

துறைமுகத்துப் பக்கம் போய் அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. சுண்ணாம்பக்கா என்று கேட்டால் மீன் ஏலம் விடுகிறவர் முதல் ஐஸ் வண்டிக்காரர் வரை கையை நீட்டி வழி காட்டுவார்கள். கோட்டையின் வெளிவாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம், அந்தக் காலத்தில் சிப்பாய்கள் காவல் இருந்த அறை. அதுதான் வீடு. இரண்டு முழத் தடிமனில் சுவர், தலையை நுழைக்க முடியாத சன்னல், வெயில் காலத்திலும் ஈரம் வற்றாத தரை. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஆணியில் உயரத் தொங்கும் ஒரு கயிற்றுச் சுருள். அறையில் ஈரம் படாத இடம் அது ஒன்றுதான், அதைக் கயிற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். மனிதர்கள் ஈரத்தில் படுத்து இருமிக்கொள்ளலாம், கயிறு இற்றுப்போனால் அவள் கதை முடிந்தது.

அந்தக் கயிற்றில் தொங்கித்தான் அவளுக்கு வேலை. கடலைப் பார்த்த கோட்டைச் சுவர் நாற்பதடி உயரம். அதில் பத்தடிக்குப் பத்தடியாக ஒரு வெள்ளைக் கட்டம். வருஷத்துக்கு இரண்டு தடவை பலகையில் உட்கார்ந்து இறங்கி, உப்புக்காற்று தின்றுபோட்ட அந்தக் கட்டத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். முதலில் அது அவள் புருஷனுடைய வேலை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பலகை சரிந்து பாறையில் விழுந்தார், இடுப்பு போயிற்று. "பொம்பள கயித்துல தொங்குறதா" என்று நாலு பேர் முகம் சுளித்தார்கள். சுளித்த நாலு பேரில் ஒருவர்கூடத் தொங்க முன்வரவில்லை, ஆகவே அவள் தொங்கினாள். புருஷன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொட்டியில் சுண்ணாம்பு நீற்றிக்கொடுப்பார். போகிற வருகிற எல்லார் விஷயத்திலும் அங்கிருந்தே தீர்ப்பும் சொல்லுவார், அதனால் அவருக்கு ஜட்ஜ் என்று அவளே பெயர் வைத்துவிட்டாள்.

வெறும் அழகுக்கு அடித்த வெள்ளை இல்லை அது. கோட்டைக்குப் பின்னால் குன்றின் மேல் ஒரு கொடிமரம் நிற்கிறது. கடலிலிருந்து வருகிற படகுக்காரன் அந்தக் கொடிமரம் வெள்ளைக் கட்டத்துக்கு நேர் நடுவில் நிற்கிற மாதிரி படகைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும். நடுவிலிருந்து விலகாமல் வந்தால் ஆழமான வாய்க்கால், வலமோ இடமோ விலகினால் மணல்திட்டு. அமைதியான நாளில் திட்டில் ஏறினால் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம், அலை எழும்புகிற நாளில் ஏறினால் பலகை பலகையாகத்தான் கரைக்கு வரும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் கோட்டையைக் கட்டிய வெள்ளைக்காரர்கள். வியாபாரம் என்று சொல்லிக்கொண்டு கப்பலில் வந்தார்கள். சரக்குக்கு என்று ஒரு கிடங்கு கட்டினார்கள், கிடங்குக்குக் காவல் என்று சுவர் எழுப்பினார்கள், சுவருக்குக் காவல் என்று பீரங்கி வைத்தார்கள், கடைசியில் துறைமுகம் முழுவதையும் ஊர்க்காரர்களிடமிருந்தே காவல் காத்தார்கள். ஒரு தடவை இன்னொரு தேசத்துக் கப்பல்கள் சண்டைக்கு வந்தபோது, கோட்டைத் தளபதி வெள்ளைக் கட்டத்தைச் சேறு பூசி மறைத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று அடிக்கச் சொன்னானாம். வந்த மூன்று கப்பலும் பொய் வெள்ளையை நம்பி மணலில் ஏறி உட்கார்ந்துகொண்டன. ஒரு குண்டுகூட வீணாகவில்லை. தளபதியின் பெயர் கோட்டைக்குள் கல்லில் வெட்டியிருக்கிறது. கயிற்றில் தொங்கி அந்தப் பொய்யை அடித்தவன் பெயரை யாரும் எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. சுண்ணாம்பக்காவுக்கு இந்தக் கதை தலைகீழ்ப் பாடம். அதனால்தான் பின்னால் அவள் செய்ததற்கு, தெரியாமல் செய்துவிட்டேன் என்ற சாக்கே கிடையாது.

மணல் ஒரே இடத்தில் கிடக்காது. ஒவ்வொரு புயல் காலம் முடிந்ததும் திட்டு கொஞ்சம் நகரும், வாய்க்காலும் நகரும். அதனால் வெள்ளையும் நகர வேண்டும். அவளுடைய தம்பி, படகுக்காரன், ஆழம் பார்க்கிற குண்டுக்கயிற்றோடு வாய்க்கால் வாயில் போய் நின்று துடுப்பைத் தூக்கிக் காட்டுவான். இவள் பலகையில் தொங்கியபடி அந்தப் பக்கம் அரையடி, இந்தப் பக்கம் ஓரடி என்று கட்டத்தின் ஓரத்தை மாற்றுவாள். சுவரில் ஓரடி என்றால் கடலில் நாலடி. வேலை முடிந்ததும் மேலே கைப்பிடிச் சுவரில், கட்டத்தின் நடுவுக்கு நேராக, உளியால் ஒரு கோடு கீறி வைப்பது வழக்கம். பீரங்கியை வெளியே நீட்ட அந்தச் சுவரில் விட்ட இடைவெளிகளுக்குப் பீரங்கி வாய் என்று பெயர். அவள் மாமனார் கீறியது, அதற்கு முன்னால் யார் யாரோ கீறியது என்று மூன்றாவது பீரங்கி வாயிலிருந்து தெற்காக வரிசையாகக் கோடுகள். கடைசிக் கோடு அவளுடையது. பீரங்கி வாயின் ஓரத்திலிருந்து குதிகாலும் விரலும் ஒட்ட நடந்தால் பதினேழு அடி.

பெரிய கப்பல்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. வடக்கே தோண்டிய புது வாய்க்காலில், மிதவை விளக்குகளைப் பார்த்துக்கொண்டு அவை போய் வருகின்றன. சின்னப் படகுகளுக்கு அந்தப் பக்கம் அனுமதி இல்லை. அவர்களுக்கு இன்றும் சுவர்தான், சுண்ணாம்பக்காதான்.

கோட்டையை அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்று ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். கையில் எந்நேரமும் சுருட்டிய வரைபடம் இருக்கும், அதனால் வரைபட சார். கெட்ட மனிதர் இல்லை. வேலையாட்களோடு சேர்ந்து வெயிலில் நிற்பார், பழைய செங்கல்லைக் கண்டால் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். அவருடைய கோளாறு ஒன்றே ஒன்றுதான். காகிதத்தில் இருப்பதைத்தான் கண்ணால் பார்ப்பார்.

"இங்க பாருங்கம்மா, இருநூறு வருஷத்துக்கு முந்தின படம். வெள்ளைக் கட்டம் மூணாவது பீரங்கிக்கு நேர் கீழ இருந்திருக்கு. உங்க ஆளுங்க அடிச்சு அடிச்சு எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டாங்க."

"கொண்டுபோய் விடல சார். மண்ணு நகருது, அதான் வெள்ளையும் நகருது."

"துறைமுக ஆபீஸ்ல கேட்டுட்டேன். அங்க எல்லாம் விளக்கு வெச்சிருக்காங்களாம். சுவரை யாரும் பாக்குறதில்லையாம்."

"விளக்கு வடக்க சார். நம்ம படகெல்லாம் தெக்கால வருது."

அவர் பொறுமையாகச் சிரித்தார். திறப்பு விழாவுக்குப் பழைய இடத்தில் வெள்ளை இருந்தே ஆகவேண்டும், விழா முடியட்டும், பிறகு உட்கார்ந்து பேசலாம் என்றார். அவளால் முடியாவிட்டால் ஒப்பந்தக்காரர் ஆள் அனுப்புவார், அப்புறம் வாசல் அறையும் ஒப்பந்தக்காரருக்குத்தான் போகும் என்றும் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, விதி அது என்று சொன்னார். விதியாகச் சொன்னால் மிரட்டல் இன்னும் நன்றாகவே உறைக்கும்.

அவள் பயந்தாள். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இடுப்பு போன புருஷனைக் கூட்டிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது என்று நினைத்தாள். வெளியாள் வந்து அடித்தால் படகுக்காரர்களுக்கு யார் சொல்லுவார்கள், நானே அடித்தால் நானே சொல்லிவிடலாமே என்று மனசுக்கு ஒரு சமாதானமும் செய்துகொண்டாள். சரியான இடத்துக் கட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்றாவது பீரங்கிக்கு நேர் கீழே புதிதாக அடித்தாள். அன்றே படகுத்துறை முழுக்க நடந்து ஒவ்வொரு படகாக ஏறிச் சொன்னாள்: "விழா முடியிற வரைக்கும் சுவரைப் பாக்காதீங்க. நல்ல வெளிச்சத்துல, தண்ணி நிறத்தைப் பாத்து உள்ள வாங்க."

எல்லாருக்கும் சொல்லிவிட்டாள், ஒருவனைத் தவிர. தம்பி அதற்கு முதல் நாளே கடலுக்குப் போய்விட்டான். போனால் பத்து நாள் ஆகும், விழா அவன் போன ஆறாவது நாள், ஏழாவது நாள் வெள்ளையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். கணக்கு அவளுக்கு அப்படித்தான் பட்டது. அவன் படகின் வயர்லெஸ் பெட்டி பழுது, அவ்வளவு தூரத்தில் போனும் எடுக்காது.

"உன் கணக்குல ஒரு ஓட்டை இருக்கு" என்றார் ஜட்ஜ்.

"என்ன ஓட்டை?"

"கடல்கிட்ட நீ தேதி கேக்கலையே."

விழா நாளன்று காலையிலேயே தெற்கிலிருந்து காற்று எடுத்தது. மதியத்துக்குள் வானம் ஈயப் பாத்திரத்தின் அடிப்பக்கம் மாதிரி ஆகிவிட்டது. கோட்டை மேல்தளத்தில் வெள்ளைத் துணிப் பந்தல் போட்டு, நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளும், சிறப்பு விருந்தினருக்கு வெல்வெட் உறை மாட்டிய பெரிய மர நாற்காலியும் வைத்திருந்தார்கள். பீரங்கிகளுக்குப் புதுக் கறுப்புப் பெயின்ட். அடித்தது போக மிச்சம் இருந்த இரண்டு டப்பாக்களை ஓரமாக மூடி வைத்திருந்தார்கள். சுண்ணாம்பக்கா வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கை தண்ணீர் கொடுத்தது, கண் கடலைவிட்டு நகரவில்லை.

மூன்று மணி இருக்கும். கீழே வாசலிலிருந்து ஜட்ஜின் குரல் வந்தது. அந்தக் குரலில் கேலி இல்லை.

"ஏய்! நீலப் படகு! மஞ்சக் கதவு!"

அவள் கைப்பிடிச் சுவருக்கு ஓடினாள். திட்டுக்கு வெளியே, அலைக்குள் மறைவதும் ஏறுவதுமாக, தம்பியின் படகு. காற்றுக்குப் பயந்து நாலு நாள் முன்னதாகவே திரும்பிவிட்டான். இன்னும் சில நிமிஷத்தில் வாய்க்கால் வாய்க்கு வந்துவிடுவான். வாய்க்கு வந்ததும் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்ப்பான்.

போனை எடுத்து அடித்தாள். மணி போயிற்று. எடுக்கவில்லை. சுக்கான் பிடிக்கிற நேரத்தில் அவன் போன் பாலிதீன் பைக்குள், பை பெட்டிக்குள் இருக்கும். அவளுக்கே தெரியும், அவள்தான் அந்தப் பையைக் கட்டிக்கொடுத்தாள். திரும்பவும் அடித்தாள். திரும்பவும் மணி மட்டும்.

வரைபட சார் விருந்தினருக்குத் தளபதியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று கப்பல் மணலில் ஏறிய இடம். எல்லாரும் சிரித்தார்கள்.

"சார். சார், என் தம்பி வர்றான். தப்பான வெள்ளையப் பாத்து வர்றான்."

"அஞ்சு நிமிஷம்மா. ஐயா பேசட்டும்."

"அஞ்சு நிமிஷத்துல திட்டுல ஏறிடுவான் சார்!"

"துறைமுக ஆபீஸுக்குச் சொல்லலாம்மா. முதல்ல தண்ணி கொடுங்க."

அவள் நின்றாள். அந்த அரை நிமிஷம் நின்றதைப் பிற்பாடு அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை. நின்றேன், தண்ணிக் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரியாதைக்கு நின்றேன் என்று தன்னையே திட்டிக்கொள்ளுவாள். அப்போது படகின் மூக்கு திரும்பியது. கொடிமரத்தை வெள்ளைக்கு நடுவில் நிறுத்துகிறான், அவள் அடித்த வெள்ளைக்கு நடுவில். அந்த நேர்கோட்டில் தண்ணீர் வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

குடம் கீழே விழுந்து உருண்டது. பெயின்ட் டப்பாவின் மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பித் திறந்தாள். பீரங்கி வாய்க்குள் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் வெளியே நீட்டி, டப்பாவை அப்படியே கவிழ்த்தாள். கறுப்பு கொழகொழவென்று இறங்கி வெள்ளையின் மேல் விழுதுவிட்டது. இரண்டாவது டப்பாவையும் ஓரம் ஓரமாக வீசிக் கவிழ்த்தாள். பத்தடிக் கட்டம் முழுதும் மறையவில்லை, ஆனால் அது இனி ஒரு கட்டமாகத் தெரியவில்லை, யாரோ மூஞ்சியில் மை பூசின மாதிரி ஆகிவிட்டது.

பின்னால் கூச்சல். "பைத்தியமா? பிடிங்க அந்தம்மாவ!" காவலாளி ஒருவன் தோளைப் பிடித்தான். கறுப்புக் கையை அவன் சட்டையில் பதித்துத் தள்ளிவிட்டாள்.

அடையாளம் தெரியாவிட்டால் உள்ளே வராதே, வெளியே நில் என்பது படகுக்காரர்களின் முதல் விதி. படகு தயங்கியது. மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி, எஞ்சினைக் குறைத்துக்கொண்டு நின்றது. நின்றது என்று சொல்வது பேச்சுக்குத்தான். ஒவ்வொரு அலையும் அதைத் திட்டின் பக்கம் ஒரு முழம் தள்ளியது. அந்தப் பழைய எஞ்சின் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்குத் தெரியும். பொய்யை மறைத்தாயிற்று, இனி உண்மையைக் காட்டியாக வேண்டும்.

பந்தலைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, பெரிய துணி. ஓடிப்போய்க் கம்பத்துக் கயிறுகளை உருவினாள். முடிச்சு அவளுக்கு விளையாட்டு. நாலாவது கயிறு அவிழ்ந்ததும் பந்தல் அப்படியே நூறு நாற்காலியின் மேலும், நாற்காலியில் இருந்த பெரிய மனிதர்களின் மேலும் உட்கார்ந்தது. துணிக்கு அடியில் தலை தலையாக முட்டிக்கொண்டார்கள். யாரையும் பார்க்காமல் சுருட்டி இழுத்துக்கொண்டு கைப்பிடிச் சுவருக்கு வந்து, கடைசிக் கோட்டைத் தேடினாள்.

கோடு இல்லை. ஒரு கோடும் இல்லை. கீறல் விழுந்த சுவர் என்று நினைத்து, கொத்தனார்கள் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிட்டிருந்தார்கள்.

அவள் உடனே குனிந்து தன் காலைப் பார்த்தாள். பீரங்கி வாயின் ஓரத்தில் குதிகாலை வைத்தாள். ஒன்று. விரல் நுனியில் அடுத்த குதிகால். இரண்டு. காவலாளி கத்துகிறான், சார் கத்துகிறார், கடலில் எஞ்சின் இருமுகிறது. எண்ணிக்கை தவறிவிட்டால் திரும்ப எண்ண நேரம் கிடையாது. உதட்டை அசைத்து எண்ணினாள். பதினாறு. பதினேழு.

"புடி, இந்தப் பக்கம் நான் புடிக்கிறேன்."

ஜட்ஜ். ஒன்பது வருஷமாக நாலு படி ஏறாத மனிதர் அறுபத்திரண்டு படி ஏறி வந்திருந்தார். தோளில் அவளுடைய கயிறு. முகம் சாம்பலாக வெளுத்திருந்தது.

"காத்துல துணி நிக்காதுடி. கீழ கனம் வேணும்."

அவள் கண்ணுக்கு அகப்பட்ட கனம் காலியாகக் கிடந்த வெல்வெட் நாற்காலிதான். துணியின் அடிமுனை இரண்டையும் கயிற்றால் அதன் கால்களில் கட்டி, இரண்டு பேருமாகச் சுவருக்கு வெளியே தூக்கிப் போட்டார்கள். துணி படபடவென்று அடித்து, நாற்காலியின் பாரத்தில் விறைத்து, சுவரோடு ஒட்டி நின்றது. சிறப்பு விருந்தினரின் ஆசனம் கோட்டைச் சுவரில் தலைகீழாகத் தொங்கியது. மேல்முனைகளை இரண்டு பேரும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்கள். காற்று அவர்களைச் சுவரோடு சேர்த்து அறைந்தது.

"பாத்தானா?" என்றார் ஜட்ஜ்.

"தெரியலையே."

"பாருடா," என்று அவள் கத்தினாள். கேட்காது என்று தெரிந்தே கத்தினாள். "இங்க பாருடா, தம்பி! இதுதாண்டா!"

ஒரு பெரிய அலையில் படகு மறைந்தது. நீலம் மறுபடி மேலே வந்தபோது மூக்கு தெற்கே திரும்பியிருந்தது. மெதுவாக, மிக மெதுவாக, கொடிமரத்தைத் துணிக்கு நடுவில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தது. திட்டின் அலை இடது பக்கமாக உடைந்து பின்னால் போயிற்று. படகு கோட்டையின் நிழலுக்குள் வந்த பிறகுதான் அவள் துணியை விட்டாள். நாற்காலி பாறையில் விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. அதைப் பற்றி ஜட்ஜ் ஏதோ தீர்ப்புச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

படகுத்துறையில் தம்பி முழுக்க நனைந்து நின்றான். அவள் ஓடிப்போய் அவனை அணைக்கவில்லை, முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"கண்ணு இல்லையாடா உனக்கு? எதிர்ல அலை உடையிறது தெரியலையா?"

"தெரிஞ்சுதுக்கா."

"தெரிஞ்சுமா வந்த?"

"தெரிஞ்சுது. கூட வந்த ரெண்டு பேரும் வேண்டாம்னு கத்தினாங்க. எனக்கும் சரியாப் படல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனா அது நீ அடிச்ச வெள்ளையாச்சே."

அவள் அங்கேயே மீன் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதாள். மாமியார் செத்ததற்கும், புருஷன் விழுந்ததற்கும் அப்படி அழாதவள் அன்றைக்கு வாய்விட்டு அழுதாள். கையிலிருந்த கறுப்பு முகமெல்லாம் ஆயிற்று.

மறுவாரம் விசாரணை. பழைய ஆயுதக் கிடங்கில் மேசை போட்டு மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வரைபட சார், இந்தத் தடவை கையில் சுருள் இல்லாமல். முந்தின நாள் அவர் சுண்ணாம்பக்காவின் தம்பி படகில் ஏறி வாய்க்கால் வாய் வரைக்கும் போய்வந்தார் என்று படகுத்துறையில் பேச்சு. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

எழுத்தர் படித்தார். பாதுகாக்கப்பட்ட சுவரில் கறுப்புப் பெயின்ட் ஊற்றியது, விழாப் பந்தலை அவிழ்த்தது, நாற்காலி ஒன்றை உடைத்தது. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் வேலையும் அறையும் இருக்கும், இல்லாவிட்டால் மாசக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று நடுவில் இருந்தவர் சொன்னார். "என்ன சொல்றீங்கம்மா? பண்ணது தப்புன்னு ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கிறேன் ஐயா."

எழுத்தர் நிம்மதியாகப் பேனாவைத் திறந்தார்.

"இடம் தப்புன்னு தெரிஞ்சும், வீடு போயிடும்னு பயந்து, வெள்ளை அடிச்சேன். அது தப்பு. அதை எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்." மேசையின் மேல் வைத்திருந்த அவள் கை நகங்களில் இன்னும் கறுப்பு இருந்தது. "கறுப்பு ஊத்தினதை அதுல சேக்காதீங்க."